வெட்கத்தால் வீணான எட்டு மாதம்

இந்த விஷயத்தை எழுதலாமா, கூடாதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வத்தக்குழம்பும் வடாமும் எழுதி அனுப்பிய அதே கையால் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, வத்தக்குழம்பு தெரியாதவர்களை விட இது தெரியாதவர்கள்தான் அதிகம்.

எங்கள் வீடு வியாசர்பாடியில். என்னவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி டிரைவர். எண்ணூர் ரோட்டில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் கழித்துக்கூட வருவார்.

2019-ம் வருஷ ஆரம்பத்தில் எனக்கு வெள்ளைப்படுதல் தொடங்கியது. அரிப்பு, ஒரு மாதிரி வாடை, பிறகு அடிவயிற்றில் வலி. எதிர்வீட்டு அக்காவிடம் ஜாடையாகச் சொன்னேன். "எல்லாம் சூடும்மா, வெந்தயத்த ஊறவெச்சு முழுங்கு" என்றார். வெந்தயம், மோர், இளநீர், சோற்றுக் கற்றாழை ஒன்றையும் விடவில்லை. வயிறு குளிர்ந்ததே தவிர வியாதி போகவில்லை. மருந்துக் கடைக்குப் போய் அங்கே நின்ற பையனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் "வயித்து வலி" என்றேன். வயிற்று வலி மாத்திரைதான் கொடுத்தான். அவன் மேல் என்ன குற்றம்?

இப்படியே எட்டு மாதம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வலி சுண்டி இழுத்தது. தங்கை குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். அவர்தான், "பெரிய ஆஸ்பத்திரியிலே இதுக்குன்னே பிரிவு இருக்குதுக்கா. காசு கிடையாது, பயப்படாம போங்க" என்று அனுப்பினார்.

எங்களுக்குப் பக்கம் ஸ்டான்லிதான். ஆனால் அங்கே போனால் எங்கள் தெருவில் பாதிப்பேரைப் பார்க்க வேண்டியிருக்குமே! வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'பால்வினை நோய்' என்ற போர்டைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பியது. வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி போனேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, நரைத்த தலையோடு ஒரு பாட்டிகூட.

முதலில் ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வேறு யாருடனாவது தொடர்பு உண்டா என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லார்கிட்டயும் கேக்கறதுதாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அடுத்த கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. "வீட்டுக்காரருக்கு ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல், சீழ் ஏதாவது இருந்துச்சா?" இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள். அவர் சாப்பாட்டுக்கு எத்தனை உப்பு என்று தெரியும், இது தெரியவில்லை!

பிறகு டாக்டரம்மா பரிசோதித்தார். வாத்து அலகு மாதிரி ஒரு கருவி. கொஞ்சம் அசௌகரியம்தான், வலி என்று சொல்ல முடியாது. நிறமும் வாடையும் இல்லாமல் லேசாகப் படுவது எல்லாப் பெண்களுக்கும் இயற்கை, அதற்கு மருந்தே வேண்டாம் என்றார். மஞ்சளாக, பச்சையாக, தயிர்த் திப்பி மாதிரிப் பட்டாலோ, வாடை, அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தாலோ காட்ட வேண்டும். எல்லாமே தாம்பத்தியத்தால் வருவதும் இல்லை, சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காளான் கிருமியாலும் வரும். ஆனால் வெட்டை போன்ற கிருமிகள் பெண்களிடம் வெளியே தெரியாமலே இருந்து கர்ப்பப்பைக் குழாய் வரை ஏறிவிடுமாம். சின்ன வயதுப் பெண்களுக்குக் குழந்தையே தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். எனக்குக் கல்யாணமான என் மகள் ஞாபகம் வந்தது.

மேகப்புண் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். நம் சம்மதமில்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 முதல் அமலில் இருக்கிறது. கை நடுங்கத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். சேகரித்த ரத்தத்தை நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து, பிறகு வேலூருக்குக் கொண்டுபோனாராம். கணவர் ஸ்கூட்டரில் கூட்டிப் போவாராம். இதைப் படித்தபோது, நமக்கும் இப்படி ஒரு துணை வாய்த்திருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் கஷ்டமான கட்டம் இனிமேல்தான். 14 நாளைக்கு மாத்திரை, மஞ்சள் நிறப் பொட்டலத்தில் தந்தார்கள். எந்த வியாதிக்கு எந்த மருந்து என்று மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாம். "நீங்க மட்டும் சாப்பிட்டா பாதி வைத்தியம்தான். அவரும் வரணும். வராட்டி அவர்கிட்டேயிருந்து திரும்ப உங்களுக்கு வரும்" என்றார் டாக்டரம்மா. ரெண்டு பேருக்கும் குணமாகும் வரை சேரவும் கூடாது.

வீட்டில் சொன்னேன். "என்னையே சந்தேகப்படுறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சந்தேகம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் யாரிடமிருந்து எப்போது வந்தது என்று இதில் சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைத்தான் அவரிடமும் சொன்னேன். ஒரு வாரம் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். எட்டாம் நாள் காலை, லுங்கியை மாற்றிக்கொண்டு பேண்ட் போட்டார். "எத்தினி மணிக்கு ரயிலு?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது பேசின் பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்கு நின்றது. ஜன்னலைப் பார்த்தபடியே, போன வருஷம் தனக்கு எரிச்சல் இருந்ததாகவும், கூட ஓட்டுபவர் சொன்ன மாத்திரையை நாலு நாள் போட்டுவிட்டு விட்டுவிட்டதாகவும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை. மாத்திரை முடிவதற்குள் வலி விட்டுப்போயிற்று. மறுபடி காட்டப் போனபோது, முப்பது வயது தாண்டியவர்களுக்குச் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேரில் போகத் தயக்கமாக இருப்பவர்கள் 1097 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். காசு பிடிக்காது, பேரும் சொல்ல வேண்டியதில்லை. நானும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி, தூக்கம் வராமல், கொல்லைப்பக்கம் நின்று அந்த நம்பரில்தான் பேசினேன்.