ஒளி தராத முக்கால் பங்கு

ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கு தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும் கரிமச் சேர்மமே மின்சாரம் பாய்ந்ததும் ஒளிர்கிறது. 1987-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இதை 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் செய்துகாட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பச்சை ஒளி.

ஆனால் இழப்பும் கூடவே வந்தது. மின்சாரத்தால் கிளர்வுறும் மூலக்கூறுகளில் நான்கில் ஒன்றுதான் ‘ஒற்றைநிலை’யை அடைந்து உடனே ஒளிவிடும். மற்ற மூன்றும் ‘மும்மைநிலை’யில் சிக்கி, வெப்பமாக வீணாகும். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி விதிக்கும் கணக்கு இது. 1990-களின் இறுதியில் பிளாட்டினம், இரிடியம் போன்ற கனமான அணுக்களைச் சேர்த்து மும்மைநிலையையே ஒளிரவைத்தார்கள். 2012-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு உலோகமே இல்லாமல் அதைச் சாதித்தது. இரு நிலைகளும் மிக நெருங்கியிருக்கும்படி மூலக்கூறை வடிவமைத்தால், அறையின் வெப்பமே மும்மைநிலையை மேலே தூக்கி ஒற்றைநிலையாக்கிவிடும்.

அப்படித்தான் நடக்கிறது என்று எப்படி நிச்சயிப்பது? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேராக வந்த ஒளிக்கும் மும்மைநிலை வழியே சுற்றிவந்த ஒளிக்கும் நிறமாலை ஒன்றுதான். காட்டிக்கொடுப்பது நேரம். நிறமாலையியலில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. லேசர் துடிப்பு ஒன்றைப் பாய்ச்சிவிட்டு, ஒளி தேய்வதை அளக்கிறார்கள். அடாச்சி குழுவின் பச்சை ஒளி தரும் சேர்மத்தில் ஒளியின் ஒரு பகுதி சில பத்து நானோ நொடிகளில் அடங்கியது. மற்றொன்று மைக்ரோ நொடிக்கணக்கில் நீடித்தது. மாதிரியைக் குளிர்விக்கும்போது இந்தப் பிந்திய ஒளி மங்கினால், அதை எழுப்பியது வெப்பம்தான். 77 கெல்வினில், திரவ நைட்ரஜன் குளிரில், மும்மைநிலையின் சொந்த ஒளியே தலைகாட்டும். அதிலிருந்து இரு நிலைகளுக்கும் உள்ள ஆற்றல் இடைவெளியைக் கணக்கிடலாம். இன்னும் எளிய சோதனையும் உண்டு. சேர்மத்தின் கரைசலில் நைட்ரஜனைக் குமிழவிட்டுப் பார்த்தால் போதும். மும்மைநிலையை அணைக்கும் ஆக்சிஜன் வெளியேறியதும் ஒளி கூடும்.

நீலம்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அதற்கு வேண்டிய சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட்டே மூலக்கூறுக்குப் பெரும் சுமை. காத்திருக்கும் மும்மைநிலைகள் இரண்டு மோதிக்கொண்டால் ஆற்றல் ஒரே இடத்தில் குவிந்து, பிணைப்புகளையே முறித்துவிடலாம். அதனால் கைபேசித் திரைகளில் பச்சையும் சிவப்பும் இரிடியத்துக்கு மாறிய பிறகும், நீலம் நெடுங்காலம் பழைய வகைச் சேர்மங்களையே நம்பியிருந்தது. நீலத்தைத் தேடும் வேதியியலாளர்கள் இன்று பிந்திய ஒளியின் அந்த மைக்ரோ நொடி வாலை எப்படிக் குறுக்குவது என்றுதான் பார்க்கிறார்கள்.