பாலுக்கு வழியில்லாத வீட்டில் குழந்தைகளின் எலும்பு வளர்ச்சி

கட்டடம் உறுதியாய் நிற்பதற்குச் சுண்ணாம்பு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் குழந்தையின் எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்து. கால்ஸியம் என்று வைத்தியர்கள் கூறும் இச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே தங்கியிருக்கிறது. எஞ்சிய சொற்பப் பங்கு இரத்தம் முதலியவற்றில் கலந்து, இருதயம் துடிப்பதற்கும் தசைகள் இயங்குவதற்கும் உதவுகிறது. ஆகாரத்தில் இச்சத்துக் குறைந்தால், தேகமானது எலும்பிலுள்ளதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்துச் சமாளிக்கும். வளரும் பருவத்தில் இவ்வாறு நேர்வது, வரவில்லாத குடும்பம் விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

இச்சத்துக்குப் பால் சிறந்த ஆகாரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பால் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைப்பதில்லை. மாடு கட்டியிருக்கும் வீடுகளிலுங்கூட, கடன் தவணையையும் தீவனச் செலவையும் எண்ணிக் கறந்த பாலையெல்லாம் விற்றுவிடுவோர் பலர். அவ்வீட்டுக் குழந்தைக்கு மிஞ்சுவது தேநீரில் கலந்த சில துளிகளே. வேறு சில குழந்தைகளுக்கோ பால் ஒத்துக்கொள்வதில்லை. குடித்தால் வயிற்றுப் பொருமலும் பேதியும் உண்டாகின்றன. இவ்விரு வகைக் குழந்தைகளுக்கும் பாலன்றி வேறு வழி உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது. வழி உண்டு, அது பெரும்பாலும் நம் ஊரிலேயே இருக்கிறது.

அரிசியின் குறை

வண்டலூரும் அதைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையும் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த பூமி. ஏரிகளின் ஆயக்கட்டு நிலங்களிற் பல இன்று வீட்டுமனைகளாய்விட்டபோதிலும், ஜனங்களின் பிரதான ஆகாரம் அரிசிச் சோறேயாகும். அரிசி பசியைத் தணிக்கும். உழைக்கப் பலம் தரும். ஆனால் தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமுக்கு மேற்படாது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த கணக்கின்படி, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 500 மில்லிகிராமும், நான்கு முதல் ஆறு வயதுக்கு 550-ம், ஏழு முதல் ஒன்பது வயதுக்கு 650-ம் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை நாள் முழுதும் 200 கிராம் அரிசி உண்டாலும் கிடைப்பது 20 மில்லிகிராம் அளவே. சோற்றுடன் நீர்த்த ரசத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் குறை நீங்காது.

இவ்வுண்மை நம் மாகாணத்திலேயே நெடுங்காலத்துக்கு முன் சோதித்து அறியப்பட்டது. குன்னூரில் 1918-ல் ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிஸன் என்பவர், பின்னர் எலிக்கூட்டங்களுக்கு இந்தியாவின் பல பிரதேச உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை, பருப்பு, பால், காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் நிறை பெற்றன. சென்னை அரிசி உணவை உண்டவை 155 கிராமே நின்றன. அவருக்குப்பின் 1935-ல் குன்னூர்ச் சாலையின் தலைமை ஏற்ற அய்க்ராய்ட், நம் உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணையாக்கி 1937-ல் வெளியிட்டார். கிருஷ்ணன் என்பவருடன் சேர்ந்து, அரிசி உண்ணும் சிறு குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பைச் சிறிதளவு கொடுத்துப் பார்த்ததில், அதைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நன்கு வளர்ந்தனர் என 1938-ல் எழுதினார். அந்த ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு இன்றும் நடந்துவருகிறது.

ஆடிக் கூழின் பெருமை

ஆடி மாதத்தில் வண்டலூர், தாம்பரம் முதலிய ஊர்களில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது வழக்கம். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி சேர்த்துக் காய்ச்சிய கூழ். அதற்குத் துணை முருங்கைக்கீரைப் பொரியல், பல வீடுகளில் கருவாட்டுக் குழம்பு. இம்மூன்றையும் சத்துக் கணக்கில் நிறுத்துப் பார்த்தால் வியப்பே உண்டாகும். தானியங்களுள் கேழ்வரகைப்போல் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது வேறில்லை. கீரைகளுள் முருங்கை முன்வரிசையில் நிற்பது. முள்ளோடு மென்று உண்ணும் சிறுமீனோ எலும்பையே ஆகாரமாகத் தருவது. மாவைப் புளிக்கவைப்பதும் வீண் வழக்கமன்று. தானியத்திலுள்ள சத்தைத் தேகம் ஏற்கவொட்டாமல் தடுக்கும் பொருள் அதனால் குறைகிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பதாலும் இப்பயன் உண்டு.

இத்தகைய ஆகாரத்தை வருஷத்தில் ஒரு நாள் பிரசாதமாய் ஏற்றுவிட்டு, மற்ற நாட்களில் 'ஏழைகளின் கஞ்சி' என்று ஒதுக்குவது நம்மிடையே பரவிய குறையாகும். கூழை மறந்து காலையில் பிஸ்கோத்தும் தேநீரும் கொடுக்கும் வீட்டில், செலவு கூடுகிறது, சத்துக் குறைகிறது.

பொருள்களும் அளவும்

கீழே கண்ட அளவுகள் 100 கிராமுக்கு ஏறக்குறைய உள்ள மில்லிகிராம் கணக்கு. விளைந்த நிலத்தையும் பருவத்தையும் பொறுத்து இவை மாறக்கூடும்.

பசுவின் பால் — 120
கேழ்வரகு — 350
கொள்ளு — 270
முருங்கைக்கீரை — 300 முதல் 440 வரை
அகத்திக்கீரை — 900 முதல் 1,100 வரை
தோல் நீக்காத எள் — 1,300 முதல் 1,450 வரை

ஓர் ஆழாக்குப் பாலில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. 60 கிராம் கேழ்வரகு மாவிலும் அவ்வளவு உண்டு. ஆகவே ஐந்து வயதுக் குழந்தைக்குக் காலையில் 60 கிராம் மாவில் கூழோ களியோ அடையோ, மத்தியானம் சோற்றுடன் 30 கிராம் முருங்கைக்கீரை, மாலையில் 10 கிராம் எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டை ஒன்று, இரவில் 30 கிராம் கொள்ளில் துவையலோ குழம்போ கொடுத்தால், 500 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். எஞ்சியதைச் சோறும் பருப்பும் காய்கறியும் ஈடுசெய்யும்.

கூழ் கெட்டியாயிருத்தல் வேண்டும். நீர்த்த கூழ் வயிற்றை நிரப்புமேயன்றித் தேகத்தை வளர்க்காது. எள்ளைத் தோலுடன் வறுத்து நன்கு பொடித்துக் கொடுக்க வேண்டும். தோலைக் களைந்தால் சத்தில் பெரும்பகுதி அதனுடன் போய்விடும். பாலக்கீரை போன்ற சில கீரைகளில் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவைக்கும் ஒருவகை அமிலம் மிகுதி. ஆதலால் ஒரே கீரையை நம்பாமல் மாற்றி மாற்றிச் சமைப்பதே சிலாக்கியம்.

ஜீவசத்துக்களும் வெயிலும்

சுண்ணாம்புச் சத்தை உண்டால் மட்டும் போதாது. அதைக் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ப்பதற்கு 'டி' என்னும் வைட்டமின், அதாவது ஜீவசத்து, வேண்டும். இது கீரையிலும் தானியத்திலும் இல்லை. தோலில் வெயில் படும்போது தேகமே இதை உண்டாக்கிக்கொள்கிறது. இது குறைந்த குழந்தைகளுக்குக் கால் எலும்புகள் வளைந்துபோகும். வெயில் மிகுந்த நம் நாட்டிலும் அடுக்குமாடி வீட்டில் நாள் முழுதும் அடைபட்டிருக்கும் குழந்தைகளுக்கு இக்குறை நேர்கிறது. நிழல் ஆளைவிடக் குறுகியிருக்கும் வேளையில், தோல் கன்றாதபடி சிறிது நேரம் வெளியில் விளையாட விடுவது நல்லது.

'ஏ' ஜீவசத்துக் குறைந்தால் மாலைக்கண் உண்டாகி, முற்றினால் பார்வையே போய்விடும். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் முதலியவை இதைத் தடுப்பன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் இச்சத்துத் தேகத்தில் சேரும். 'பி' வகையைச் சேர்ந்த ஒரு சத்தைப் புழுங்கலரிசி காக்கிறது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பரவிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாயிருந்ததற்கு இதுவே காரணம். நெல்லிக்காயும் கொய்யாவும் 'சி' சத்தைத் தந்து, கீரையிலுள்ள இரும்புச் சத்துச் சேரவும் துணைசெய்கின்றன. துவாதசிப் பாரணையில் அகத்தியையும் நெல்லியையும் சேர்த்து வைத்த முன்னோர் வழக்கம் கருதத்தக்கது.

ஒன்றை மறைக்கலாகாது. 'பி' வகையில் பன்னிரண்டாவது எண் பெற்ற ஜீவசத்துத் தாவர உணவுகளில் இல்லை. பாலும் மோரும் முட்டையும் மீனும் மாமிசமும் அறவே உண்ணாத குழந்தைக்கு இரத்தமும் நரம்பும் கெடக்கூடும். அக்குழந்தையை வைத்தியரிடம் காட்டி, அவர் தரும் மருந்தாகவே இதைக் கொடுக்க வேண்டும்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

ஆறு மாதம் நிரம்பும்வரை தாய்ப்பாலே ஆகாரம். கேழ்வரகுக் கஞ்சி அதற்கு ஈடாகாது. அதன்பின் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி தொடங்கலாம். தாய்ப்பாலை இரண்டு வயதுவரை நிறுத்தலாகாது. சுண்ணாம்புச் சத்து என்ற பேரைக் கேட்டு வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழந்தைக்குக் கொடுத்துவிடக்கூடாது. அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். கருவாட்டை நன்றாய் ஊறவைத்து உப்பைப் போக்கிச் சிறிதளவே கொடுக்க வேண்டும். கால் வளைந்தாலும், நடை தாமதித்தாலும், அந்தியில் குழந்தை தடுமாறினாலும் ஆகாரத்தை மட்டும் நம்பியிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

ஊரார் செய்யத்தக்கது

முருங்கைக் கொம்பு ஒன்றை நடுவதற்குக் கால் சென்டு நிலங்கூட வேண்டாம். வீட்டு மூலையிலோ பள்ளிக்கூட வேலியோரத்திலோ ஊன்றி, வேர் பிடிக்கும்வரை நீர் வார்த்தால் பல ஆண்டுகளுக்குக் கீரைக்குக் குறைவிராது. கூட்டுறவுப் பண்டகசாலைகள் கேழ்வரகையும் எள்ளையும் கொள்ளையும் மொத்தமாய் வாங்கி அடக்கவிலைக்கு விற்கலாம். மகளிர் குழுக்கள் முளைகட்டிய மாவை அரைத்து வைக்கலாம். பால் சங்க அங்கத்தினர்கள், கறந்த பாலில் முதல் ஆழாக்கைத் தம் குழந்தைக்கு நிறுத்திக்கொண்டு மீதியை அளப்பது என்று தீர்மானித்தால், அதனால் வருவாயில் உண்டாகும் குறைவு சொற்பம். பள்ளிச் சத்துணவில் அளிக்கும் முட்டையையும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் குழந்தை தவறாமல் உண்கிறதா என்று பெற்றோர் விசாரித்தல் வேண்டும்.

ஆடியில் ஒரு நாள் அம்மன் சந்நிதியில் ஏனம் ஏந்தி வரிசையில் நிற்கும் குழந்தைக்கு வார்க்கும் கூழ், மற்ற மாதங்களிலும் அதன் வீட்டு அடுப்பில் கொதிக்குமானால், பால் இல்லாத வீட்டிலும் எலும்பு உறுதியுள்ள பிள்ளைகள் வளர்வார்கள்.