வீடு விட்டு வந்த சிறுவரும் பஞ்சாயத்தின் கடமையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் கிரிவலம் வருகின்றனர். வீட்டாரிடம் கோபித்துக்கொண்டு ஓடிவரும் சிறுவனும் அக்கூட்டத்தில் எளிதில் மறைந்துவிடுவான். அன்னதானத்தால் அன்றைய பசி தீரும். ஆனால் சில நாட்களில் அவன் தீயோர் கையில் அகப்படக்கூடும். ஆகவே முதல் நாளிலேயே உதவி கிட்டுதல் இன்றியமையாதது.

மும்பையில் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியையாயிருந்த ஜெரூ பிலிமோரியா அம்மையார், தெருவில் வாழும் சிறுவரோடு பழகி அவர்தம் துயரை நன்கறிந்தார். அவர் முயற்சியால் 1996-ஆம் ஆண்டில் தோன்றியதே 1098 என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை. இரவு பகலாக இயங்கும் இச்சேவை 2023-இல் அரசின் நிர்வாகத்திற்கு வந்தது.

18 வயது நிரம்பாத சிறுவர் ஆதரவின்றித் திரியக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் தகவல் தெரிவித்தல் வேண்டும். தவறுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றமாகும். இரக்கத்தால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுதலும் போதாது. அடிக்கு அஞ்சி வந்தவனாயின் மீண்டும் ஓடுவான். குழந்தைகள் நலக் குழு காரணத்தை விசாரித்து, இயன்றவரை அவனைக் குடும்பத்தோடு சேர்க்கும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியே.

பஞ்சாயத்து அங்கத்தினர் 1098 என்னும் எண்ணைப் பள்ளியிலும் பஸ் நிறுத்தத்திலும் எழுதி வைக்கலாம். ஊர் திரும்பிய சிறுவனைப் பிறர் ஏளனம் செய்யாது காத்து, மீண்டும் பள்ளியில் சேர்ப்பதும் அவர்தம் கடமையாகும்.