வாசிக்கப்படாத நூல்கள் அலுமாரியில் தூங்கலாமா?

செப்டெம்பரில் கொழும்பு சர்வதேச புத்தகக் கண்காட்சி, ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம். இந்த இரண்டு மாதங்களில் வாசிப்பு ஆர்வலர்கள் பலரின் வீட்டில் புதிய நூல்கள் குவிந்துவிடுகின்றன. இப்படி வாங்கி வாசிக்காமல் அடுக்கி வைப்பதற்கு ஜப்பானியர்கள் 'சுண்டொகு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலம் முதல் நான் நூல் வாங்கி வருகிறேன். அண்மையில் எண்ணிப் பார்த்தேன், வாசிக்காதவை 64. நூலொன்றுக்கு 200 பக்கம், நாளொன்றுக்கு 20 பக்கம் என்று வைத்தால், முடிக்க 640 நாட்கள் வேண்டும். அதாவது மாதத்துக்கு மூன்று நூல்கள். மாதம் நான்கு வாங்கினால் குவியல் ஒருபோதும் குறையாது.

ஆகவே அவற்றை மூன்றாகப் பிரித்தேன். கட்டாயம் வாசிக்க வேண்டியவை, தேவைப்படும்போது புரட்ட வேண்டியவை, இனி வாசிக்கப் போவதில்லை என்று மனதுக்குத் தெரிந்தவை. மூன்றாம் வகையில் 19 நூல்கள் சேர்ந்தன. அவற்றைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அன்று ஏறிய கொப்பி, புத்தக விலை இன்னும் பல பெற்றோருக்குச் சுமைதான். பாடநூலைத் தவிர வேறு நூலே இல்லாத வீடுகளிலிருந்து என் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் அலுமாரியில் தூசி படியும் ஒரு கதைப் புத்தகம் அவர்களில் ஒருவருக்கு முதல் நூலாக அமையலாம்.

அடுத்த நூலை வாங்குமுன் வீட்டிலுள்ளவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாசிக்கப் போவதை வாசியுங்கள், மற்றதை வாசிப்பவர் கையில் சேருங்கள்.