மண்ணைப் பிடித்து வைக்கும் கொடி

அடைமழை விட்டதும் தோட்டத்து வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். பால் கலந்த தேநீர் போலத் தண்ணீர் ஓடும். மேட்டிலிருந்து கரைந்து வரும் மேல்மண் தரும் நிறம் அது. மரத்துக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஆற்றோடு போன மண் நம் பேரன் காலத்திலும் திரும்பி வராது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரக் காட்டில் ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது என்றார்கள். நம் பாட்டிமார்கள் மண்வெட்டியும் கையுமாக இடுப்பொடியக் கொத்தினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மழை வந்து மேட்டை அரித்தது. அதன் பிறகே மண்ணை மூடும் பயிர்களைத் தேடினார்கள். 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இவற்றை ஆராய்ந்தது.

"லாலான் புல்லும் மண்ணைப் பிடிக்குமே?" என்று கேட்பீர்கள். பிடிக்கும், ஆனால் இளங்கன்றின் உணவையும் பறிக்கும், காய்ந்தால் தீயும் பிடிக்கும். இந்த வட்டாரத்து மண்ணிலேயே பிறந்த பியூரேரியா கொடி அப்படியல்ல. காற்றிலுள்ள நைட்ரஜன் சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கே தருகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

பியூரேரியாவில் ஒரு காம்பில் மூன்று அகன்ற இலைகள் இருக்கும். தண்டைத் தடவினால் பழுப்பு ரோமம் கையில் படும். பூ சிறியது, ஊதா நிறம். காய் விரல் நீளத்தில் ஒல்லியாக, உருண்டு இருக்கும், முற்றினால் கறுத்துவிடும்.

அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த காலோபோகோனியத்தின் காய் குட்டை. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். சென்ட்ரோசீமாவின் காய் நீண்டு தட்டையாக, நுனியில் ஊசிபோல் இருக்கும். இவையும் மூடுபயிர்களே. ஆனால் இதய வடிவ இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும் மைக்கேனியா வெறும் களை, ஏமாந்துவிடாதீர்கள்!

விதை எடுக்கும் முறை

தரையில் படர்ந்த கொடி குறைவாகவே காய்க்கும். வேலியிலோ கம்பத்திலோ ஏறிய கொடியைத் தேடுங்கள். தோட்ட நிலமானால் முதலில் அனுமதி கேளுங்கள். கொடிக்குள் பாம்பு கிடக்கலாம். காலணியும் கையில் ஒரு கம்பும் அவசியம்.

கறுத்த காய்களை மட்டும் பறியுங்கள். பச்சைக் காயின் விதை முளைக்காது. எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல் கொஞ்சம் கொடியிலேயே விடுங்கள். பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கும்போது மேலே மெல்லிய துணி போர்த்துங்கள். காய் வெடித்து விதை தெறிக்கும். பிறகு தடியால் தட்டி, முறத்தில் புடைத்து, ஈரமில்லாத புட்டியில் மூடிவையுங்கள். எடுத்த இடமும் தேதியும் எழுதி ஒட்டினால் பின்னால் குழப்பம் வராது.

விதைக்கும் முன்...

இந்த விதையின் தோல் கெட்டி. சும்மா போட்டால் பல விதைகள் மாதக்கணக்கில் தூங்கும். இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சோதியுங்கள். பத்து முளைத்தால் பாதி விதை நல்லது என்று பொருள். அதற்கேற்பக் கூட்டி விதையுங்கள்.

பழைய பியூரேரியா வளர்ந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து விதையோடு கலந்துகொள்ளுங்கள். வேர் முடிச்சுக்கு வேண்டிய நுண்ணுயிர் அதில் இருக்கிறது. செடி நன்றாகப் படர்ந்த பின் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது!

ஓர் எச்சரிக்கை: இது வேகமாகப் படரும் கொடி. இளங்கன்றைச் சுற்றி நெரித்துவிடும். கன்றின் அடியை வட்டமாகச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக் காய்கறிப் பாத்திக்கு இது ஆகாது. சொந்தமாகச் சிறு பால்மரத் தோட்டமோ செம்பனை நிலமோ மேட்டில் வைத்திருப்பவர்களுக்கே இது ஏற்றது.

தாய்மார்களே, தந்தைமார்களே! அடுத்த முறை வேலியில் கறுத்த காய் தொங்கக் கண்டால் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். பாட்டி கொத்திய மேட்டில் மண் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. அதைப் பேரப்பிள்ளை கையால் மூடி வைப்போமே!