முன்னரணில் நின்ற முனோஸ்

அமெரிக்க உதைபந்தாட்டம் என்றதும் நேயர்கள் தாம் அறிந்த உதைபந்தாட்டத்தை எண்ணிவிடலாகாது. அங்கே இருமுனையும் கூம்பிய பந்தொன்றைக் கையிலேந்தி ஓடுவர், கையாலே எறிவர், காலால் உதைப்பது சிறுபான்மையே. தாக்கும் அணியின் பதினொருவருள் ஐவர் முன்வரிசையில் அரண்போல நிற்பர். பந்தெறியும் தலைவனை எதிரணியினர் பாய்ந்து வீழ்த்தாமற் காப்பதும், பந்தேந்தி ஓடுபவனுக்கு வழிதிறப்பதுமே இவர்தம் கடமை. நடுவரிடம் முன்னரே அறிவித்தாலன்றி, முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமையும் இவர்களுக்கு இல்லை. ஆகவே இவர்கள் பெயர் புள்ளிக் கணக்கில் ஏறுவது அரிது. பிழைவிட்டால் மாத்திரம் அரங்கம் முழுதும் அறிந்துகொள்ளும்!

இவ்விடத்தில் நின்றே பெரும்புகழ் ஈட்டியவர் அன்ரனி முனோஸ். 1958ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்து ஒன்ராறியோ நகரிற் பிறந்தவர். ஆறடி ஆறங்குல உயரத்தினர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் அவரது முழங்கால்களில் மூன்று முறை சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் போட்டிகளின் தொடக்கத்திலேயே காயமுற்று ஒதுங்கியவர், 1980 ஜனவரி முதலாந் திகதி நிகழ்ந்த 'றோஸ் போல்' ஆட்டத்துக்கு மீண்டு வந்தார். அவரது அணி ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 17க்கு 16 என வென்றது.

எனினும், அக்கால்களை நம்பிப் பொருள் செலவிடத் தொழில்முறை அணிகள் தயங்கின. சின்சினாற்றி பெங்கால்ஸ் அணியின் பயிற்றுநர் பொறெஸ்ற் கிறெக், தாமும் முன்னாளில் அதே முன்வரிசையில் நின்று பெயர்பெற்றவர். அவர் முனோஸை நேரிற் சோதிக்கச் சென்று, தாமே எதிரில் நின்று மோதிப் பார்த்தார், நிலத்தில் வீழ்ந்தார்! மருத்துவ அறிக்கைகளினும் அவ்வீழ்ச்சியே அவருக்குத் தக்க சான்றாயிற்றுப் போலும். அவ்வாண்டுத் தெரிவில் மூன்றாமவராக முனோஸ் எடுக்கப்பட்டார்.

முனோஸ் நின்றது வரிசையின் இடக்கோடி. வலக்கையால் எறிபவன் எறிவதற்குத் திரும்புகையில் இடப்புறம் அவன் முதுகுப்புறமாகிவிடும். அங்கிருந்து வருபவனை அவன் காணான். கென் அண்டர்சன் அவ்வாறு எறிந்தவர்; 1981இல் அவ்வாண்டின் மிகச்சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார். 1988இல் அவ்விருதைப் பெற்ற பூமர் எசையாசனோ இடக்கையர். இருவருக்கும் அரணாய் நின்றவர் முனோஸே. ஐயுறப்பட்ட அந்த முழங்கால்களோடு அவர் 13 ஆண்டுகளில் 185 போட்டிகள் ஆடினார். 1981 முதல் 1991 வரை, ஆண்டுதோறும் தெரிவாகும் சிறந்தோர் அணியில் 11 முறை இடம்பெற்றார். தம் வாழ்நாளில் ஏழு முறை பந்தைப் பிடித்து, அவற்றுள் நான்கில் எல்லை கடந்தார் என்பதும் ஒரு வேடிக்கை.

'சுப்பர் போல்' கிண்ணம் மட்டும் கிட்டவில்லை. 1982 ஜனவரியிலும் 1989 ஜனவரியிலும் சான் பிரான்சிஸ்கோ அணியிடமே தோல்வி. இரண்டாம் முறை 16க்கு 13 என முன்னின்ற சின்சினாற்றி, ஆட்டம் முடிய 34 விநாடிகள் இருக்கையில் வெற்றியை இழந்தது. அவ்வேளை பந்து எதிரணியின் கையில் இருந்தது. முனோஸ் களத்துக்கு வெளியே இருந்தார். 1998இல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.