படகுப் பழுதும் பழகிய கையும்

வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாரிக்காலத்தில், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கும். அதைச் செய்ய வேண்டியவர் உடையவரா, தொழில் கற்றவரா?

மரத்தோணிக் காலத்தில் மீனவரே பாதித் தச்சர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தபின், நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பல வந்தன. அவற்றின் பழுதுகள் உளிக்கு அடங்குவன அல்ல.

ஆயினும், வெளியிணைப்பு இயந்திரத்தை நன்னீரால் அலசுதல், பிளக்கைத் துடைத்தல், எரிபொருள் வடிகட்டியில் தேங்கிய நீரை அகற்றுதல் ஆகியவற்றுக்குக் கூலி கொடுப்பது வீண் செலவே. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நிலைமை வேறு. உள்ளே நீர் புகுந்துவிட்டது என்பது அதன் பொருள். எண்ணெயை எவரும் மாற்றலாம். நீரை உள்ளே விட்ட சீலை மாற்றுவதற்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும். எண்ணெயோடு நிறுத்திக்கொள்பவர் பற்சக்கரங்களைத் துருவுக்குக் கொடுக்கிறார்.

படகின் உடலில் மேற்பூச்சுக் கீறலை உடையவரே அடைக்கலாம். ஈரமும் உப்பும் நீங்காத பரப்பில் பிசின் பற்றாது என்பதை நினைவிற் கொண்டாற் போதும். இயந்திரம் தாங்கும் பின்பலகையிலோ எச்சரிக்கை மிக வேண்டும். பல படகுகளில் அதனுள்ளே மரம் பொதிந்திருக்கும். போல்ட்டுத் துளைவழி நீர் கசிந்து அம்மரம் உளுத்தாலும், வெளித்தோல் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். தட்டும்போது மந்தமான ஓசை எழுந்தால், கூலிக்கு அஞ்சாது கைவினைஞரை அழைத்தல் வேண்டும். மேலே பூசி மறைத்த பலகை, இயந்திரம் முழு வேகத்தில் உந்தும்போது நடுக்கடலிற்றான் பிளக்கும்.

கைவினைஞர் வேலை செய்கையில் உடையவர் அருகிருந்து பார்ப்பதும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நன்று.